காம்பு சேரும் இடம்

ராஜினியிடம் யாராவது ஓர் இலையைக் கொடுத்தால் அவள் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பாள். சந்தைக் கீரைக்கட்டு என்றாலும் சரி, கலியாண வீட்டு வெற்றிலை என்றாலும் சரி, காம்பு எங்கே சேருகிறது என்று பார்த்து, அடிப்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் மற்ற வேலை. விசுவமடுவில் அவளைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அந்தப் பழக்கம் வன்னியில் பிடித்தது அல்ல. அவளுடைய தாயும் தகப்பனும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து உடுத்த துணியோடு வந்து, விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராஜினியும் தம்பி பிரதீபனும் அங்கேதான் பிறந்தார்கள். சமாதான காலத்தில் தெற்குக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை திறந்ததும், தோட்டத்தில் மிஞ்சியிருந்த சொந்தத்தில் ராசு என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பெற்றவர்கள் எந்த மலையை விட்டு ஓடிவந்தார்களோ, அதே மலைக்கு மகள் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அதனால்தான் உயிர் தப்பினாள் என்றும் சொல்லலாம். தாயும் தகப்பனும் முள்ளிவாய்க்காலில் போய்ச் சேர்ந்தார்கள். பத்தொன்பது வயதுத் தம்பி மட்டும் முகாமிலிருந்து வெளியே வந்தான்.

தோட்டத்தில் தேயிலை முடிகிற இடத்தில் மழைக்காடு தொடங்கும். அட்டைக்குப் பயந்து ஊர்ச்சனம் ஓரத்தோடு நின்றுவிடும். ராஜினி நிற்கவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து, பெரிய மரங்களின் கீழே நிழலில் வளரும் பூண்டுகளை இரண்டு வருடமாகக் கணக்கெடுத்தார்கள். சோற்றுப் பார்சல் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அவள் போனாள். சுமக்கப் போனவளுடைய கண்தான் அவர்களுக்குப் பெரிய உதவியாயிற்று. எல்லாம் இஞ்சிச் சாதி, ஒன்றைப் போலவே ஒன்று. படித்த பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நிற்கும்போது இவள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். இலை ஓலைபோல இரண்டு பக்கம் மட்டும் விட்டால் இஞ்சிக் கூட்டம், தண்டைச் சுற்றிப் படிக்கட்டுபோல ஏறினால் கோஷ்டம். பூ காலடியில் வந்தால் ஏலம், தலையில் வந்தால் அரத்தை. ஏலத்திலும் இலையின் முதுகில் பூனைமயிர் இருந்தால் ஒரு வகை, வழுவழுவென்று இருந்தால் வேறு வகை.

சேம்பைப் பற்றியும் அப்படி ஒரு கணக்கு உண்டு. தின்கிற சேம்பில் காம்பு இலையின் விளிம்பில் சேராது, சற்று உள்ளே தள்ளி முதுகில் சேரும். அதன் ஒன்றுவிட்ட சகோதரம்போல ஒன்று காட்டோரத்தில் வளரும். தோட்டத்தில் காட்டுச்சேம்பு என்பார்கள், சிங்களச் சனம் ஹபரல என்னும். அதில் காம்பு இலையின் வெட்டிலேயே வந்து சேரும். தின்றால் தொண்டை வீங்கிவிடும். மலையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்றை ராஜினி கண்டுபிடித்தாள். ஒருநாள் குழுவுக்குப் பொறுப்பாக வந்த கௌசலா மிஸ்ஸைக் கூப்பிட்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத இரண்டு கன்றுகளைக் காட்டினாள்.

"மிஸ், இது ரெண்டும் ஒண்டு இல்லை. குட்டியில காட்டுச்சேம்புக்கும் காம்பு உள்ளுக்குத்தான் சேருது. வளரேக்கதான் விளிம்புக்குப் போகுது. காம்பை மட்டும் பார்த்தா ஏமாந்திடுவம்."

"அப்ப எப்பிடிப் பிரிக்கிறது?"

அவள் பக்கத்து ஓடையில் ஒரு கை தண்ணீர் அள்ளி இரண்டிலும் ஊற்றினாள். ஒன்றில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. மற்றதில் படிந்து நின்று பளபளத்தது. கௌசலா மிஸ் அதைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் ராஜினியின் பெயரையும் எழுதினார். தன் பெயர் ஒரு கொப்பியில் நல்ல காரியத்துக்காக ஏறியதை ராசுவிடம் சொல்லி அன்று முழுக்கச் சந்தோசப்பட்டாள்.

ராசு மண்சரிவில் போனான். பிள்ளை குட்டி இல்லை. தம்பி வந்து, "அக்கா, இனி இஞ்ச என்ன இருக்கு? வாங்கோ" என்று விசுவமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

தம்பி காதலித்துக் கட்டியவள் தர்மிளா. அவளுடைய தாய்வழி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக் காணியில் வயல் செய்கிறவர்கள். தோட்டக்காட்டுப் பெடியனுக்குப் பெண் கொடுப்பதா என்று குதித்தவர்கள். கலியாணத்துக்கே வரவில்லை. அந்தக் கோபமெல்லாம் மச்சாளான தன் தலையில் விடியும் என்று ராஜினி பயந்துகொண்டுதான் படலையைத் திறந்தாள். தர்மிளாவோ அவளைக் கண்டதும் கையிலிருந்த பையை வாங்கி, "மச்சாள், இது உங்கட வீடு. நான்தான் பிறகு வந்தனான்" என்றாள். சொன்னபடியே நடந்தும் கொண்டாள். அடுத்த மாதத்தில் தர்மிளாவுக்கு யதுர்ஷிகா பிறந்தாள். குளிக்கவார்த்தது ராஜினி, தூக்கித் திரிந்தது ராஜினி. பிள்ளை முதலில் சொன்ன வார்த்தை மாமி. பெற்றவளுக்கு அதில் கொஞ்சம் பொறாமை, ஆனால் அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிறந்தபோது ராசுவின் திவசத்துக்காக ராஜினி தோட்டத்துக்குப் போனாள். வரும்போது மாமியார் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற பீலிக் கரையிலிருந்து சேம்பில் ஒரு குத்தை மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாள். பதின்மூன்று வருடம் அவள் ஆய்ந்து சமைத்த சேம்பு அது. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைத்தாள். வன்னி வெயிலுக்கு இது நிற்குமா என்று தம்பி கேட்டான். நின்றது. ஆடி பிறக்கும்போது கிணற்றடி நிறைய இலை.

அந்த ஆடி எப்படிப்பட்ட ஆடி என்பது எல்லோருக்கும் தெரியும். பசளை இல்லாமல் வயல் பாதி பதர். மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை, மரக்கறி விலை கேட்டால் தலை சுற்றும். சோறு இருந்தது, கறிக்குத்தான் வழியில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிய முன்னமே பிரதீபன் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு பெற்றோல் வரிசைக்குப் போனான். ராஜினிக்கு அன்று கச்சான் கடலை பிடுங்கும் கூலிவேலை. போகமுன் கிணற்றடியில் சேம்பிலை வெட்டினாள். பழக்க தோசத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பி, காம்பு உள்ளே சேருகிறதா என்று பார்த்தாள். எல்லாம் உள்ளேதான் சேர்ந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. தன் கையால் தோண்டி, தன் கையால் நட்ட சேம்பை யார் சந்தேகப்படுவார்?

"நல்லா வேகவேணும் தர்மிளா. பழப்புளி கரைச்சு விடு. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். தர்மிளாவின் வீட்டில் சேம்பிலை தின்கிற வழக்கம் இல்லை. அவளுக்கு இது புதுச் சமையல்.

ராஜினி மத்தியானம் திரும்பி வந்தபோது தர்மிளா குசினி வாசலில் இருந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் பசியில் அழுது அடம்பிடிக்க, தாய் சட்டியை இறக்கி முதல் கறியைப் பிள்ளைக்குப் போட்டிருக்கிறாள். மற்ற யாரும் இன்னும் வாயில் வைக்கவில்லை.

"அம்மா, கடிக்குது" என்று யது நாக்கை நீட்டினாள்.

தர்மிளா பயந்துபோய் மச்சாளைப் பார்த்தாள். ராஜினி காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சேம்பெண்டா கொஞ்சம் கடிக்கும். புளி காணாது போல. ஒண்டும் செய்யாது, குடு."

மலையில் எல்லா வீட்டிலும் எல்லாத் தாயும் சொல்லுகிற சொல் அது. சேம்பு தின்று வளர்ந்த சனத்துக்கு நாக்குக் கடிப்பது ஒரு விசயமே இல்லை. தின்னாத வீட்டில் என்றால் முதல் வாயிலேயே துப்பச் சொல்லியிருப்பார்கள். தர்மிளா இன்னொரு பிடி உருட்டி, "என்ர குஞ்செல்லே, விழுங்கு" என்று ஊட்டினாள். பிள்ளை விழுங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. உதடு வீங்கியது, வாய்நீர் கொட்டியது, மூச்சு இழுத்தது. அயலில் எந்த வாகனத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முன்வீட்டு யோகநாதன் உழவுக்கென்று ஒளித்து வைத்திருந்த டீசலை ஊற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை எடுத்தார். ஆள் ஓடினாலே முந்திவிடுகிற வண்டி அது. ஆசுபத்திரிக்குப் பாதி வழியில் பிள்ளை அடங்கிப்போனது. தாயின் மடியில் தலையும் மாமியின் மடியில் காலுமாக இருந்தது. பிரதீபன் அப்போதும் வரிசையில்தான் நின்றான். நாலு லீற்றர் பெற்றோலோடு வீட்டுக்கு வந்தான்.

மரண விசாரணையில் என்ன சமைத்தது, எவ்வளவு நேரம் வெந்தது என்று கேட்டார்கள். தர்மிளாதான் பதில் சொன்னாள். பிள்ளை அழுததால் அரைமணித்தியாலத்துக்கு முன்னமே இறக்கிவிட்டேன் என்றாள். சேம்பிலை சரியாக வேகாமல் கொடுத்ததால் என்று எழுதினார்கள். அவள் சொன்னதைத்தானே எழுதுவார்கள்.

நாலாம் நாள் ராஜினி கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். ஒரு வாளி வார்த்தாள். தண்ணீர் சிதறிச் சேம்பில் விழுந்தது. எல்லா இலையிலும் முத்துப்போல உருண்டு ஓடியது. ஓரத்தில் நின்ற மூன்று இலைகளில் ஓடாமல் படிந்து பளபளத்தது. அவள் இரண்டாவது வாளியை வார்க்கவில்லை. ஈரச்சேலையோடு குந்தியிருந்து அந்தக் கன்றைப் பிடுங்கினாள். வேர் வேறாக வந்தது. பீலிக் கரையில் அவள் தோண்டிய மண்ணோடு சேர்ந்து வந்த காட்டுச்சேம்புக் கன்று. பக்கத்திலேயே வெட்டிய காம்புகள் நாலு தெரிந்தன, அவள் கத்தியால் வெட்டியவை. எத்தனை மணித்தியாலம் வேகவைத்திருந்தாலும் இந்த இலையை நம்பி ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அவளுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவளே அவள்தான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். யானைக்குத்தான் அது ஆறுதல். காலின் கீழே கிடந்ததற்கு என்ன ஆறுதல்?

சேம்பு முழுவதையும் பிடுங்கிக் கிடங்கு வெட்டித் தாட்டாள். அதைக் கண்ட தர்மிளா, தன் வேதனை தெரிந்து மச்சாள் அந்தச் செடியையே கண்ணில் படாமல் செய்கிறாள் என்று நினைத்து, அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திராது. ராஜினி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. எட்டுச் சடங்கு முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு முப்பத்தொன்று முடியட்டும் என்று நினைத்தாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிடாதீர்கள். நாற்பது வயதில், புருசனும் பிள்ளையும் இல்லாமல், இந்த ஒரு வீட்டை விட்டால் போக வேறு கூரை இல்லாதவள். நல்ல மனிதர்களுக்கும் இருக்க ஓர் இடம் வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவள் சொல்லாமல் விட்டது ஒவ்வொரு நாளும் செய்த தப்புத்தான். அதை மறைத்தும் எழுத முடியாது.

ஏனென்றால் அந்த வீட்டில் ஒருத்தி கண்முன்னே அழிந்துகொண்டிருந்தாள். தர்மிளாவுக்கு அடுப்பிலிருந்து எதையும் இறக்கப் பயம் வந்துவிட்டது. சோறு குழைந்து கூழாகும், பருப்பு அடிப்பிடிக்கும், அவள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"மச்சாள், வெந்திட்டுதோ?"

"வெந்திட்டுது, இறக்கு."

"வடிவாப் பாருங்கோ மச்சாள்."

காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பொழுதுபடும்போது ஒருமுறை. ராஜினி ஒவ்வொரு முறையும் ஒரு சோற்றை நசித்துப் பார்த்து, வெந்துவிட்டது என்று சொன்னாள். சொல்லுகிறபோது தர்மிளாவின் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. தாய் அவசரப்பட்டு இறக்கிப்போட்டாளாம் என்று கடையடியில் கதைத்தார்கள். தர்மிளாவின் தாய் அன்னபாக்கியம் இத்தனை வருடம் கழித்துப் படலை தாண்டி வந்தவள், ஆறுதல் சொல்ல வந்த வாயால், "அரைமணித்தியாலம் பொறுக்கேலாமப் போச்சே உனக்கு" என்று கேட்டாள். குசினிக்குள்ளே நின்று ராஜினி அதைக் கேட்டாள்.

ஏழு மாதம் போனது. தை கடைசியில் தர்மிளாவுக்குத் தலை சுற்றியது. கிளினிக்கில் இரண்டாம் மாதம் என்றார்கள். பிரதீபன் அன்றுதான் பல நாளுக்குப் பிறகு முகம் மழித்தான். மறுநாள் அவன் வயலுக்குப் போன பிறகு, முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ராஜினியிடம் தர்மிளா வந்து குந்தினாள். கொஞ்சநேரம் நெல்லைக் கையால் அளைந்தாள்.

"மச்சாள், ஒண்டு கேப்பன். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

"சொல்லு."

"இந்தப் பிள்ளையை நீங்கள் வளருங்கோ. நான் பெத்துத் தாறன், அவ்வளவுதான். பால் குடி மறந்த பிறகு உங்கட கையாலதான் சாப்பாடு குடுக்கவேணும். நான் தொடமாட்டன். என்னை நம்பி ஒரு பிள்ளையை விடேலாது மச்சாள். உங்களை நம்பலாம்."

ராஜினியின் வாழ்நாளில் யாரும் அவளிடம் இதைப்போல ஒன்றை நீட்டியதில்லை. பதின்மூன்று வருடம் கோயில் கோயிலாகக் கேட்டுக் கிடைக்காதது. வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும், பிள்ளையும் அவளுடையது, வீடும் அவளுடையது. ஆட்டத்தான் நினைத்தாள் என்று பிறகு அவளே தம்பியிடம் ஒத்துக்கொண்டாள். ஆனால் தர்மிளா கும்பிடுவதுபோல இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஊட்டியது ராஜினி வெட்டிய இலையை. அதற்கு மேல் ராஜினியால் முடியவில்லை.

"அது வேகாததாலை இல்லை, தர்மிளா."

"என்ன?"

"கறி வேகாததாலை இல்லை. அந்த இலை சேம்பில்லை. நான்தான் பிழையா வெட்டித் தந்தனான். சேம்புக்குள்ள ஒரு காட்டுச்சேம்புக் கன்று நிண்டது. குட்டியில ரெண்டும் ஒண்டுபோலதான் இருக்கும். தண்ணி ஊத்திப் பார்க்கவேணும், நான் பார்க்கேல்லை. பிள்ளை கடிக்குது எண்டு சொல்லேக்கயும் குடு எண்டு சொன்னது நான்தான்."

தர்மிளா நெல்லிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நான் இல்லையா?"

"நீ இல்லை."

"நான் பொறுத்து இறக்கியிருந்தாலும்?"

"நீ பின்னேரம் வரைக்கும் வேகவைச்சிருந்தாலும்தான்."

தர்மிளாவின் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. "நான் இல்லை" என்று தனக்குத்தானே இரண்டு மூன்று தரம் சொன்னாள். சிரித்தாள்கூட. யது போன பிறகு அவள் சிரித்ததை ராஜினி அன்றுதான் கண்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டாள்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் விளங்கியது என்று சொல்லியிருக்கலாம். "நாலாம் நாள்" என்றாள்.

தர்மிளா எழும்பி நின்றாள். கோபத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் ராஜினி காலில் விழுந்திருப்பாள்.

"தெரியாமச் செய்தது பிழையில்லை மச்சாள். எனக்கும் நடந்திருக்கும். ஆனா நான் ஒவ்வொரு நாளும் உங்களிட்டத்தானே வந்து வந்து கேட்டனான். என்ர அம்மா கேக்கேக்கையும் நீங்கள் உள்ளுக்குத்தானே நிண்டனீங்கள். ஏழு மாசமா என்னைப் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

தர்மிளா உள்ளே போய்விட்டாள்.

போ என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவளே பையைக் கட்டினாள். பிரதீபன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் கிளிநொச்சியில் விட்டான். இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சாப்பிடுங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னான்.

இப்போது அவள் கிளிநொச்சியில் ஒரு நெல்லுக்கடையில் நெல் தூற்றுகிறாள், சாக்குத் தைக்கிறாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஆவணியில் ஆண்பிள்ளை பிறந்ததாகத் தம்பி போனில் சொன்னான். தர்மிளா நன்றாக இருக்கிறாள், பிள்ளைக்குத் தானே சமைத்துத் தானே ஊட்டுகிறாள் என்றும் சொன்னான். அதைக் கேட்டு ராஜினி நெல்மூட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். சந்தோசத்தில் அழுதாள் என்றுதான் நானும் நினைக்கிறேன், முழுவதும் அப்படி இல்லை என்றாலும். படம் அனுப்பு என்று அவள் கேட்கவில்லை. அவனும் அனுப்பவில்லை.

பிள்ளைக்கு மூன்று வயது ஆகப்போகிறது. சனிக்கிழமைச் சந்தைக்கு விசுவமடுப் பக்கத்துச் சனம் பஸ்ஸில் வந்து இறங்கும். அந்த வயதுப் பிள்ளையோடு யாராவது கடைவாசலைக் கடந்தால் ராஜினி தூற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். காது தம்பியினுடையதா, புருவம் தர்மிளாவினுடையதா என்று பார்ப்பாள். போன கிழமை அப்படி ஒரு பிள்ளை வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது. உள்ளங்கையில் கொஞ்சம் பொரி வைத்து நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை மூடிப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது யாருடைய பிள்ளை என்று அவளுக்குத் தெரியவில்லை.